பெடிக்கிளுக்குள் ஒரு திருகாணி

டைட்டானியத்தில் செய்தது. நீளம் 45 மில்லிமீட்டர், விட்டம் ஆறரை மில்லிமீட்டர். இது இடுப்புப் பகுதியில் வழக்கமாகப் போடும் அளவு. மேலே நடுமுதுகுக்குப் போகும்போது சிறுத்துவிடும். நுனியிலிருந்து கழுத்துவரை மரை. தலை மட்டும் தனி. எந்தப் பக்கமும் சாயும்படி ஓர் உருண்டையின்மேல் உட்கார்ந்திருக்கும் பிளந்த கிண்ணம் அது. அந்தப் பிளவில் ஐந்தரை மில்லிமீட்டர் ராடு ஒன்றைப் படுக்கவைத்து, மேலே ஒரு பூட்டுத் திருகை இறுக்கிவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். திருகாணியும் ராடும் ஒரே துண்டாகிவிடும். பனையிலிருந்தோ மொட்டை மாடியிலிருந்தோ விழுந்து முதுகெலும்பு நொறுங்கியவரின் எக்ஸ்ரேயில் இவை நான்கோ ஆறோ பளிச்சென்று தெரியும். வீட்டார் "முதுகுல ஸ்குரூ வெச்சிருக்காங்க" என்பார்கள். டாக்டர்களுக்கு இது பெடிக்கிள் ஸ்குரூ.

முள்ளெலும்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று புரியும். முன்னால் உடல் பாரத்தைத் தாங்கும் தடித்த கட்டை. பின்னால் ஓர் எலும்பு வளையம். அதற்குள்தான் தண்டுவடம் இறங்குகிறது. கட்டையையும் வளையத்தையும் இடமும் வலமுமாக இரண்டு குட்டையான பாலங்கள் இணைக்கின்றன. அவைதான் பெடிக்கிள்கள். சுற்றிலும் கெட்டியான சுவர், நடுவில் நுண்துளைகள் நிறைந்த மெத்தென்ற எலும்பு. உள்சுவருக்கு அந்தப் பக்கம் தண்டுவடம். அடிச்சுவரை ஒட்டி ஒரு நரம்பு வேர் வெளியே போகிறது. கட்டையைத் தாண்டி முன்னால் போய்விட்டால் உடலின் மிகப் பெரிய ரத்தக் குழாய்கள். பாலத்தின் அகலம் கடைசி இடுப்பு முள்ளெலும்பில் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இருக்கும். நடுமுதுகில் சிலருக்கு நாலைந்து மில்லிமீட்டர்தான்.

ஆணி இறக்க உடம்பில் இதைவிட வில்லங்கமான இடம் தேடினாலும் கிடைக்காது. ஆனால் முள்ளெலும்பைப் பின்னாலிருந்து முன்வரை முழுதாகப் பிடிக்க வேண்டுமானால் இதை விட்டால் வேறு வழியும் கிடையாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இந்தத் திருகாணியின் கதை முழுவதும் ஓடுகிறது.

முதுகு எங்கே உடையும் என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. விலா எலும்புகளோடு பிணைந்த மார்புப் பகுதி விறைப்பானது. இடுப்புப் பகுதி வளைந்து நெளியக்கூடியது. விறைப்பும் நெகிழ்வும் சந்திக்கும் இடத்தில், அதாவது மருத்துவர்கள் டி12, எல்1 என்று எழுதும் இரண்டு எலும்புகளின் அருகில், விழுந்த வேகம் முழுவதும் வந்து குவிகிறது. காலோ பிட்டமோ தரையில் மோத, மேலிருந்து உடல் பாரம் அழுத்த, முன்கட்டை நொறுங்கி நாலாபுறமும் சிதறும். பின்பக்கமாகச் சிதறிய துண்டு தண்டுவடக் குழாய்க்குள் புகும். தண்டுவடம் முடிவதும் ஏறக்குறைய அதே உயரத்தில்தான் என்பது மனித உடலின் பொல்லாத தற்செயல்.

இதைக் கூட்டம் கூட்டமாகப் பார்த்தவர்கள் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்க ஊர் மருத்துவர்கள். குனிந்து வெட்டிக்கொண்டிருப்பவரின் முதுகில் கூரை சரிந்து விழும். மான்ஸ்ஃபீல்டில் பணியாற்றிய இ. ஏ. நிக்கோல் 1949-ல் ஒரு கட்டுரை எழுதினார். முதுகு உடைந்த சுரங்கத் தொழிலாளர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்து அவர் சொன்னது அன்றைய எலும்பு வைத்தியத்துக்கு உவப்பானதாக இல்லை: எலும்பு பழைய வடிவத்துக்கு வராமலே போனவர்கள்கூடச் சுரங்கத்துக்குத் திரும்பி முழு வேலை செய்கிறார்கள், எக்ஸ்ரே அழகாக இருப்பதும் ஆள் நன்றாக இருப்பதும் ஒன்றல்ல. முறிவுகளில் தானாக நிலைத்து நிற்பவை, நழுவக்கூடியவை என்று அவர் பிரித்த பிரிவு இன்றுவரை வேறு வேறு பெயர்களில் வாழ்கிறது.

ஷெஃபீல்டில் ஃபிராங்க் ஹோல்ட்ஸ்வொர்த்துக்கு வாய்த்தது நழுவும் வகை. கால் மரத்துப்போன ஆளைப் புண் வராமல் காக்க வேண்டுமென்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப்போட வேண்டும். புரட்டினால் உடைந்த முதுகு நகரும். இந்தச் சிக்கலுக்காக, முதுகில் துருத்தும் எலும்பு முனைகளின் இரு பக்கமும் உலோகப் பட்டைகளை வைத்து போல்ட் போட்டார். நரம்பைக் குணப்படுத்தவா? இல்லை. தாதிகள் ஆளைப் பயமில்லாமல் புரட்ட முடியவேண்டும், அவ்வளவுதான். முதுகெலும்பு அறுவையின் நோக்கத்தை இதைவிட நேர்மையாகச் சொன்னவர்கள் குறைவு. அவருடைய பட்டைகள் அடிக்கடி கழன்றன. துருத்தும் முனைகள் பாரம் தாங்கப் படைத்தவை அல்லவே.

எதிர்முகாமில் நின்றவர் லுட்விக் குட்மான். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த இந்த நரம்பு மருத்துவர் 1944-ல் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். அதற்கு முன்பெல்லாம் கால் செயலிழந்தவர் படுக்கைப்புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் சில மாதங்களிலோ சில வருடங்களிலோ இறந்துபோவார் என்பதே வழக்கமான கணக்கு. குட்மான் கத்தியைத் தொடாமல், தலையணைகளால் முதுகை நிமிர்த்திவைத்து, நேரம் தவறாமல் புரட்டி, வாரக்கணக்கில் படுக்கையிலேயே எலும்பைக் கூடவைத்தார். ஆட்கள் பிழைத்தார்கள். அவர் மருத்துவமனைத் திடலில் 1948-ல் நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பின்னாளில் பாராலிம்பிக்ஸ் ஆனது. அறுவை செய்தவர்களைக் குட்மான் கடுமையாகவே சாடினார். அன்றைய உலோகங்களையும் அன்றைய கைகளையும் வைத்துப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருந்தது.

அந்தக் காலத்தில் இங்கே என்ன நிலைமை என்பதற்கு வேலூர் சாட்சி. சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பெடிக்கிள் திருகாணி அப்போது உலகத்தில் எங்கும் இல்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்யப் பழகினார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் கற்று வந்து, வேலூரில் அதற்கென ஒரு துறையை வளர்த்தார். 1966-ல் அங்கே திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் இன்று அவர் பெயரில் இயங்குகிறது. முதுகு உடைந்தவருக்குத் தமிழ்நாடு முதலில் செய்துகொடுத்தது ஆபரேஷன் அல்ல, எழுந்து உட்காரப் பழக்கும் ஓர் இடம்.

திருகாணியின் பிறப்புக்கு முன் ஒரு நெடிய முன்கதை உண்டு. டெக்சஸின் கால்வெஸ்டனில் பெர்தோல்ட் ஹாட்ரா 1891-ல் உடைந்த கழுத்து முள்ளெலும்புகளின் பின்முனைகளை வெள்ளிக் கம்பியால் சேர்த்துக் கட்டினார். 1944-ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் டான் கிங், பின்பக்கச் சிறு மூட்டுகளின் குறுக்கே குட்டைத் திருகாணிகளைப் போட்டார். வான்கூவரின் பூஷே 1959-ல் இன்னும் நீளமான திருகாணியை எடுத்து, பெடிக்கிளை நோக்கிச் சாய்த்தார். இவர்கள் இருவரும் செய்தது தேய்ந்த இடுப்பை இணைக்கத்தான், முறிவுக்காக அல்ல. ஆனாலும் திருகாணி வாசல்வரை வந்துவிட்டிருந்தது.

இதற்கிடையில் ஹூஸ்டனில் வேறொரு பாதை திறந்தது. இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராக இருந்து திரும்பிய பால் ஹாரிங்டன், இளம்பிள்ளைவாதத்தால் முதுகு கோணிய குழந்தைகளை நூற்றுக்கணக்கில் பார்த்தார். மூச்சுத் தசையே பலமிழந்த பிள்ளைக்கு நெஞ்சைச் சுற்றி மாவுக்கட்டுப் போட முடியாது. முதலில் அவரும் சிறு மூட்டுகளில் திருகாணி இறக்கித்தான் பார்த்தார்; பிடிப்பு நிலைக்கவில்லை. பிறகு மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி, நடுவில் ஒரு முனையில் பல் வெட்டிய எஃகு ராடு என்று மாறினார். ஒவ்வொரு பல்லாகக் கொக்கியை நகர்த்த நகர்த்த முதுகு நிமிரும். 1962-ல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு கோணல் முதுகுக்காகச் செய்த ராடு, உடைந்த முதுகுக்கும் வந்து சேர்ந்தது. எழுபதுகளில் அமெரிக்காவில் முதுகு முறிவு என்றால் ஹாரிங்டன் ராடுதான்.

குறை என்னவென்றால் அது இரண்டு முனைகளில் மட்டும்தான் பிடித்தது. ஓர் எலும்பு உடைந்தால் மேலும் கீழும் பல எலும்புகளைச் சேர்த்து அசையாமல் கட்ட வேண்டியிருந்தது. இழுத்து நீட்டுவது மட்டுமே அதற்குத் தெரிந்த வித்தை. இடுப்பின் இயல்பான உள்வளைவு அதில் தட்டையாகிப்போகும். அப்படித் தட்டையானவர் நாள் முழுக்க முன்னால் சரிந்தபடி நடக்க வேண்டியிருக்கும். போதாததற்கு ஆபரேஷன் முடிந்தும் மாதக்கணக்கில் மாவுக்கட்டு.

பாரிஸில் ரேமோன் ருவா-கமீய் 1963-ல் செய்தது இந்தக் கணக்கையெல்லாம் புரட்டிப்போட்டது. அவர் திருகாணியைப் பின்னாலிருந்து நேராகப் பெடிக்கிளுக்குள் செலுத்தி முன்கட்டைவரை கொண்டுபோனார். பல திருகாணிகளையும் துளையிட்ட ஓர் உலோகப் பட்டையால் இணைத்தார். முதல்முறையாக முள்ளெலும்பு பின்னும் முன்னும் ஒருசேரப் பிடிபட்டது. கொக்கி விலகலாம், கம்பி அறுக்கலாம். பெடிக்கிளில் மரையேறிய திருகாணி அவ்வளவு சுலபத்தில் விலகாது. அதன் பிடிப்பில் பாதிக்கு மேல் அந்தக் குட்டைப் பாலத்திலிருந்தே கிடைக்கிறது என்று பின்னாளில் சோதனைச்சாலையில் இழுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள்.

ருவா-கமீய் அவசரப்பட்டு முழங்கவில்லை. ஏழு வருடம் கழித்து 1970-ல் பிரெஞ்சு மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். முறிவுகளைப் பற்றி ஆங்கிலத்தில் விரிவாக எழுதியது 1976-ல். அட்லாண்டிக்கின் மறுகரையில் பலர் அதைப் படிக்கவில்லை, படித்தவர்களும் பயந்தார்கள். பட்டையில் துளைகள் ஒரே சீரான இடைவெளியில் இருந்தன. மனித முதுகில் பெடிக்கிள்கள் அப்படி இல்லை. துளைக்கு ஏற்ற இடத்தில் ஆணியை இறக்குவதா, ஆணிக்கு ஏற்ற இடத்தில் துளையைத் தேடுவதா என்ற இழுபறி ஒவ்வோர் ஆபரேஷனிலும் இருந்தது.

இங்கிருந்து திருகாணி சுவிட்சர்லாந்துக்குப் போகிறது. சாங்க்ட் காலனில் ஃப்ரீட்ரிஷ் மாகெர்ல் 1977-ல், கால் எலும்பு முறிவில் வெளியே சட்டம் கட்டுவதுபோலவே முதுகுக்கும் கட்டினார். நீண்ட திருகாணிகளைத் தோலைத் துளைத்துப் பெடிக்கிளுக்குள் இறக்கி, வெளியே துருத்தி நின்ற முனைகளை முதுகுக்கு மேலேயே இணைத்துப் பூட்டினார். இரும்புச் சட்டத்தை முதுகில் சுமந்துகொண்டு நோயாளி நடமாடினார். பார்க்கக் கொடுமையாக இருந்திருக்கும். ஆனால் உடைந்த எலும்புக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டே எலும்புகளைப் பிடித்தால் போதும் என்பதை அது நிரூபித்தது. பாசலில் வால்டர் டிக் அதே சட்டத்தை உள்ளே தள்ளினார். அவர் திருகாணிக்கு நீண்ட வால் இருந்தது. மேல் ஜோடியின் வால்களையும் கீழ் ஜோடியின் வால்களையும் அறுவை மருத்துவர் கையில் பிடித்து நெம்புவார். கூன் விழுந்த இடம் நிமிரும். நிமிர்ந்த கோணத்திலேயே ராடோடு பூட்டிவிட்டு, மிஞ்சிய வாலைக் கத்தரித்துவிடுவார். தசையை மூடித் தைத்தால் வெளியே ஒன்றும் தெரியாது.

இன்று ஆபரேஷன் தியேட்டரில் நடப்பது பெரும்பாலும் இதன் வாரிசுதான். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, வயிறு அழுந்தாமல் தொங்கும்படி தாங்கிகளை வைக்கிறார்கள். வயிறு அழுந்தினால் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகள் புடைத்து ரத்தம் பெருகும். அப்படிப் படுக்கவைத்ததுமே கூன் கொஞ்சம் நிமிர்ந்துவிடுவதும் உண்டு. நடு முதுகில் கீறி, தசைகளை இரு பக்கமும் ஒதுக்கி, பக்கவாட்டு எலும்பு நீட்சியும் சிறு மூட்டும் சந்திக்கும் புள்ளியில் மேல் ஓட்டைக் கொத்தி எடுப்பார்கள். உள்ளிருக்கும் மென் எலும்பிலிருந்து ரத்தம் கசிந்தால் சரியான வாசல் என்று அர்த்தம். பிறகு மொண்ணை முனையுள்ள வளைந்த கோல் ஒன்றைக் கையால் அழுத்தித் திருகித் திருகி இறக்க வேண்டும். மெத்தென்ற எலும்பில் கோல் கரகரவென்று சீராக இறங்கும். கெட்டியாக முட்டினால் சுவரில் இடிக்கிறது. திடீரென்று தடையே இல்லாமல் சறுக்கினால் சுவரைத் தாண்டிவிட்டது. அடுத்து, முனையில் சின்ன உருண்டை உள்ள மெல்லிய கம்பியை விட்டு மேல், கீழ், இடம், வலம், அடி என்று ஐந்து பக்கமும் தடவிப் பார்ப்பார்கள். சி-ஆர்ம் எக்ஸ்ரே ஒரு தடவை. மரை வெட்டும் கருவி. அப்புறம்தான் திருகாணி.

இந்த வேலையில் இயற்கை ஒரே ஒரு சலுகை தந்திருக்கிறது. பெடிக்கிளின் உள்சுவர் வெளிச்சுவரைவிடத் தடிமன். கைதவறினாலும் திருகாணி தண்டுவடத்தின் பக்கம் போவதைவிட வெளிப்பக்கம் பிதுங்குவதே அதிகம்.

நான்கு திருகாணியும் இறங்கியபின் ராடுகளை வளைத்துப் பொருத்தி, மேல் ஜோடியையும் கீழ் ஜோடியையும் சற்றே விலக்கினால் நடுவில் முன்கட்டையின் பின்பக்கத்தை ஒட்டித் தளர்ந்துகிடந்த தசைநார் இழுபட்டு விறைக்கும். குழாய்க்குள் பிதுங்கிய எலும்புத் துண்டை அது முன்னால் தள்ளும். துண்டைக் கையால் தொடாமலே இடத்தில் சேர்ப்பதுதான் இதில் நயம். எப்போதும் பலிக்காது, தசைநாரே அறுந்திருந்தால் பலிக்கவே பலிக்காது. கால் கொஞ்சம் அசைகிறது, உணர்ச்சி பாதி இருக்கிறது என்றால் துண்டை நேரடியாக அகற்றி நரம்புக்கு இடம் செய்துகொடுப்பார்கள். விழுந்த நொடியிலேயே நசுங்கிப்போன தண்டுவடத்தைத் திருகாணி திருப்பித் தராது. இதை ஆபரேஷனுக்கு முன்பே வீட்டாரிடம் உடைத்துச் சொல்லும் மருத்துவரை நான் மதிக்கிறேன். சொல்லாமல் விட்டால் ஸ்குரூ வைத்தும் கால் வரவில்லையே என்ற ஏமாற்றம் வருடக்கணக்கில் அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கும்.

அமெரிக்காவில் திருகாணி நுழைந்த விதம் ஒரு வழக்குக் கதை. கிளீவ்லாந்தின் ஆர்தர் ஸ்டெஃபி, துளைக்குப் பதில் நீண்ட பள்ளம் வெட்டிய பட்டையைச் செய்தார். இனி பெடிக்கிள் எங்கே இருக்கிறதோ அங்கே ஆணியை இறக்கலாம், பட்டை அனுசரித்துக்கொள்ளும். அதை விற்க 1983-ல் ஆக்ரோமெட் என்ற நிறுவனம் பிறந்தது. முதுகெலும்புக்கான கருவி என்று சொல்லி, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் கேட்டபோது இரண்டு முறை மறுப்பு வந்தது. மூன்றாம் முறை, ஓர் ஆலோசனை நிறுவனத்தின் துணையோடு, பட்டைக்குத் தனி விண்ணப்பம், திருகாணிக்குத் தனி விண்ணப்பம் போட்டார்கள். கை கால்களின் நீண்ட எலும்புகளுக்கு என்று எழுதினார்கள். 1986 பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது. காகிதத்தில் கால் எலும்புக்கென்று இருந்த பொருள் தியேட்டரில் முதுகுக்குள் போனது. அனுமதித்த பயனுக்கு வெளியே ஒரு கருவியைப் பயன்படுத்த அமெரிக்க மருத்துவருக்குச் சட்டப்படி தடையில்லை என்பதால் இது பல வருடம் ஓடியது.

1993 டிசம்பரில் ஒரு தேசியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி இதைக் கிளறியது. வழக்குகள் குவிந்தன. ஃபிலடெல்ஃபியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மட்டும் சுமார் 2,300 வழக்குகள் சேர்ந்தன. 1996-ல் ஆக்ரோமெட் 10 கோடி டாலர் தருவதாகச் சொல்லிச் சமரசத்துக்கு வந்தது. எஃப்.டி.ஏ.வை ஏமாற்றித்தானே அனுமதி வாங்கினீர்கள் என்று ஆலோசனை நிறுவனத்தின்மேல் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அப்படி ஏமாற்றப்பட்டிருந்தால் தண்டிக்க வேண்டியது எஃப்.டி.ஏ.தான், மாநிலச் சட்டத்தின்கீழ் தனியார் வழக்குப் போட முடியாது என்று 2001-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதற்குள் திருகாணி வென்றுவிட்டிருந்தது. முந்நூறுக்கு மேற்பட்ட அறுவை மருத்துவர்களின் பழைய நோயாளிக் குறிப்புகளை ஒன்றுதிரட்டிய ஆய்வு 1994-ல் வெளிவந்தது, 1998-ல் எஃப்.டி.ஏ. முறிவு உள்ளிட்ட பயன்களுக்கு அதன் வகைப்பாட்டைத் தளர்த்தியது. என் கணிப்பில் இந்தக் கதையில் யாரும் முழு யோக்கியர் இல்லை. கருவி நல்லது, அது வந்த வழி கோணல். நல்ல கருவி என்பதாலேயே வழியை யாரும் இப்போது பேசுவதில்லை.

வெற்றிக்கு நடுவே உலோகம் தன் எல்லையையும் காட்டியது. கட்டடம் எழும்வரை நிற்கும் சாரம்தான் திருகாணியும் ராடும். பாரத்தைத் தாங்க வேண்டியது கடைசியில் எலும்புதான். நடந்தாலும் குனிந்தாலும் இருமினாலும் உலோகம் இம்மியளவு வளைந்து நிமிர்கிறது. எலும்பு கூடுவதற்குள் அந்த வளைவுகள் உலோகத்தின் கணக்கைத் தாண்டிவிட்டால் திருகாணி கழுத்தில் உடையும். அமெரிக்காவின் மிசௌரியில் மெக்கார்மக்கும் கெய்ன்ஸும் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், குறைந்த எலும்புகளை மட்டும் பிடித்துக் கட்டிய 28 பேரில் 10 பேருக்குத் திருகாணி உடைந்திருந்தது. உடைந்த கட்டை எவ்வளவு நொறுங்கியது, துண்டுகள் எவ்வளவு விலகின, எவ்வளவு கூனை நிமிர்த்தினார்கள் என்று மதிப்பெண் போட்டுப் பார்த்தார்கள். மதிப்பெண் கூடிய இடங்களில் உடைவும் கூடியது. முன்கட்டையில் தாங்க ஒன்றுமில்லாமல் பின்னால் மட்டும் இரும்பு கட்டினால் அது தோற்கும். அப்படிப்பட்ட முதுகுக்கு முன்பக்கமாகவும் ஒரு தாங்கல் வைக்க வேண்டும், அல்லது மேலும் கீழும் இன்னும் எலும்புகளைச் சேர்க்க வேண்டும். உடைந்த எலும்பிலேயே குட்டையாக ஒரு ஜோடி திருகாணி சேர்ப்பதும் இப்போது வழக்கம்.

நடுமுதுகின் குறுகலான பெடிக்கிள்களுக்குள் நுழையத் திருகாணிக்கு இன்னும் நாள் பிடித்தது. சியோலில் சக் சே-இல் தொண்ணூறுகளில் கோணல் முதுகுப் பிள்ளைகளுக்கு அங்கே துணிந்து இறக்கினார். கைப்பழக்கம் மட்டும் போதுமா, கணினி வழிகாட்ட வேண்டுமா என்ற விவாதத்தில் கோயம்புத்தூருக்கு ஓர் இடம் உண்டு. கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜசேகரன் குழுவினர் இதே போன்ற கோணல் முதுகு ஆபரேஷன்களில் இரண்டு முறைகளையும் எதிரெதிராக வைத்து ஒப்பிட்டு 2007-ல் வெளியிட்டார்கள். ஆபரேஷன் மேசையிலேயே முப்பரிமாணப் படம் எடுத்து வழிகாட்டிய குழுவில் பெடிக்கிள் சுவரைத் தாண்டிய திருகாணிகள் 2 சதவீதம். வழிகாட்டல் இல்லாத குழுவில் 23 சதவீதம். சுவரைத் தாண்டியதெல்லாம் ஆபத்தானது அல்ல, பல ஓரிரு மில்லிமீட்டர்தான். ஆனாலும் இந்த வித்தியாசம் பெரியது. பனையேறிகளும் கட்டடத் தொழிலாளிகளும் முதுகு உடைந்து வரும் எல்லா ஊர்களிலும் அந்த எந்திரம் இல்லை. அங்கே இன்றும் கோலும் உருண்டைமுனைக் கம்பியும் மருத்துவரின் விரலும்தான்.

நிக்கோலின் பழைய கேள்விக்கு வருவோம். முதுகு உடைந்தது, நரம்புக்கு ஒன்றுமில்லை, திருகாணி தேவையா? மின்னசோட்டாவில் கிர்க்கம் வுட் குழுவினர், அப்படிப்பட்டவர்களில் ஒரு பாதிக்கு ஆபரேஷன், மறு பாதிக்குக் கட்டு என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 2003-ல் 47 பேரின் முடிவுகளை வெளியிட்டபோது இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதே ஆட்களைப் பதினாறு முதல் இருபத்திரண்டு வருடம் கழித்துத் தேடிப் பார்த்து 2015-ல் எழுதினார்கள்: கட்டோடு விட்டவர்களுக்கு வலி குறைவு, நடமாட்டம் மேல். நெதர்லாந்தில் 2006-ல் வந்த இன்னொரு சிறிய ஆய்வு இதற்கு நேர் எதிராகத் திருகாணிக்கே வாக்களித்தது. இரண்டும் சின்ன ஆய்வுகள்தான். அறுவை மருத்துவர்கள் 2005 முதல் ஒரு புள்ளிக் கணக்கை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். முறிவின் வடிவம், பின்வளையத்தைப் பிணைக்கும் தசைநார்கள் அறுந்தனவா, நரம்பு பாதித்ததா என்று மூன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டி, மூன்று வரை வந்தால் கட்டு, ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் கத்தி; நான்கு வந்தால் மருத்துவரின் விருப்பம். அந்த நான்கில் சிக்கியவர்களின் கதி, அவர்கள் எந்த ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினார்கள் என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது.

தசைநார் அறுந்தவருக்கும் நரம்பு பாதித்தவருக்கும் இந்தக் குழப்பம் இல்லை. குட்மான் காலத்தில் வாரக்கணக்கில் படுத்துக்கிடக்க வேண்டியிருந்தவரை இன்று சில நாளில் உட்காரவைத்துவிடுகிறார்கள். கால் திரும்பாவிட்டாலும் புண் வராது, நுரையீரலில் சளி கட்டாது, சக்கர நாற்காலிப் பழக்கம் முன்னதாகவே தொடங்கும். ஹோல்ட்ஸ்வொர்த் கேட்டதும் இவ்வளவுதான்.

எலும்பு கூடிய பிறகு திருகாணியின் கதி என்ன என்பதற்கு ஒரே விடை இல்லை. "சார், இந்த ஸ்குரூவ எப்ப எடுப்பீங்க?" என்பது புறநோயாளிப் பிரிவில் தவறாமல் வரும் கேள்வி. எலும்புப் பொடி வைத்து முள்ளெலும்புகளை நிரந்தரமாகச் சேர்த்துவிட்டவருக்கு "உறுத்தாட்டி அது பாட்டுக்கு இருக்கட்டும்மா" என்பார்கள். இளவயதில், சின்னத் துளைகள் வழியாகத் திருகாணி மட்டும் இறக்கி, எலும்புகளைச் சேர்க்காமல் விட்டவருக்கு ஏறக்குறைய ஒரு வருடத்தில் எடுத்துவிட்டால் பூட்டிக்கிடந்த மூட்டுகள் மறுபடி அசையலாம் என்று பலர் எடுக்கிறார்கள். எடுப்பது இன்னோர் ஆபரேஷன், இன்னொரு மயக்க மருந்து. டைட்டானியத்தோடு எலும்பு இறுகி ஒட்டிக்கொண்டிருந்தால் திருகாணித் தலையின் காடி வழுக்கிவிடலாம். கழுத்தில் உடைந்த திருகாணியின் நுனிப்பாகத்தை மருத்துவர்கள் பெரும்பாலும் பெடிக்கிளுக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அதைத் தோண்டி எடுக்கப் போனால் அந்தக் குட்டைப் பாலத்தையே உடைக்க வேண்டிவரும்.